அவள் நிறத்தில் ஒரு தாள்

கட்டமஞ்சி, சித்தூர்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அச்சு,

என் போனை நீ எடுப்பதில்லை. போன வாரத்திலிருந்து மணியே அடிக்காமல் கட்டாகிவிடுகிறது. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் சுலோச்சனா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். நகரியில் தமிழ் மீடியம் படித்தபோது லீவ் லெட்டர் எழுதியதுதான். அதற்குப் பிறகு நான் தமிழில் யாருக்கும் எதுவும் எழுதியதில்லை. இங்கே பிள்ளைகளோடு பேசுவதும் திட்டுவதும் தெலுங்கில்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உடம்பு எப்படி இருக்கிறது? தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? ஹேமநாத்துக்குப் போன் செய்தால் "பரவால்லைங்க" என்று ஒரு சொல்லோடு வைத்துவிடுகிறார். புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிடுகிறீர்களா என்றுகூட அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நைனா வந்திருந்தார். சலூனை மத்தியானத்தோடு மூடிவிடுகிறாராம். "கத்திய கைல புடிச்சா மனசு எங்கியோ பூடுது. ஆளுங்க காத அறுத்துட்டா இன்னா பண்றது" என்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உடனே "வேணா, அவளா கூப்ட்டா போலாம்" என்றும் சொன்னார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். சலூனில் பழசாகிப்போன பத்திரிகைகளை நைனா நம்மிடம் தருவாரே, நாம் ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டி வெட்டி ஒட்டுவோமே, அந்த மாதிரி ஒன்று. பெரிதாக எதுவும் இல்லை. படுத்திருக்கும்போது கண்ணில் படுகிற மாதிரி எங்காவது வை.

உன் அக்கா,
கௌசிகா


திருப்பதி
2 செப்டம்பர் 2023

அக்கா,

படம் வந்தது. ஒரு பூச்செடி, அதில் ஒரு குருவி. பட்டுப்புடவை விளம்பரத்தைக் கிழித்து இறக்கை செய்திருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. எனக்குக் குருவியை அனுப்பினால் சரியாகிவிடும் என்று எப்படி நினைத்தாய்?

நான் கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. தொண்டையில் குழாய் போட்டு எடுத்திருந்தார்கள். கேட்கக் குரல் இல்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ வந்து நெற்றியில் கை வைத்து, "நீ பொழச்சிக்கினியே, அது போதும்" என்றாய். எனக்குப் போதுமா என்று நீ கேட்கவில்லை.

மறுநாள் பால் சுரந்துவிட்டது. ஜாக்கெட் நனைந்து, போர்வை நனைந்து, நாற்றம் எடுத்தது. மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள்.

நீ அவளைப் பார்த்தாய். அவர் பார்த்தார். என் மாமியார் பார்த்தார். தரை துடைக்கிற ஆயம்மாகூடப் பார்த்திருப்பாள். சுமந்தவள் மட்டும் பார்க்கவில்லை. எனக்கு நினைவு திரும்புவதற்குள் எல்லாரும் சேர்ந்து மண்ணில் வைத்துவிட்டீர்கள். ஒரு போட்டோ இல்லை. உன் கையில் போன் இருந்தது. போகிற வழியில் மேகத்தைப் பார்த்தால்கூட நின்று படம் எடுக்கிறவள் நீ.

குருவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி எழுதாதே.

அக்ஷயா


கட்டமஞ்சி, சித்தூர்
12 செப்டம்பர் 2023

அச்சு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

அன்று மத்தியானம் உனக்கு வலிப்பு வந்ததும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நானும் ஹேமநாத்தும் உன் மாமியாரும் நின்றிருந்தோம். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து, ரத்தம் நிற்கவில்லை, உன் வகை ரத்தம் கையிருப்பு இல்லை, சீக்கிரம் ஆள் பாருங்கள் என்றார். ஹேமநாத் ரத்த வங்கிக்கு ஓடினார். நான் போனை எடுத்துக்கொண்டு தெரிந்தவர், தெரியாதவர், பழைய மாணவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன்.

சந்திரகிரியிலிருந்து கிரண்குமார் என்று ஒருத்தர் கிடைத்தார். "எங்க வரணும் மேடம்" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு பச்சைத் துணிச் சுருளைக் கையில் வைத்திருந்தாள். "ஆடபில்ல அம்மா. ஊபிரி லேது" என்றாள். பெண் குழந்தை, மூச்சில்லை. நான் கிரண்குமாருக்கு வழி சொல்லிக்கொண்டே மற்றக் கையால் அவளை வாங்கினேன்.

அப்படித்தான் வாங்கினேன், அச்சு. காதில் போனோடு. அந்தப் போனில்தான் உனக்கு ரத்தம் வந்தது. அதில் படமும் எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உன் மாமியார், "பொழுது சாயறதுக்குள்ள பூமியில சேத்துடணும்" என்றார். நான் டாக்டரிடம் போய், நீ கண் விழிக்கும்வரை குழந்தையை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். "அவங்க கண்ணு முழிப்பாங்களான்னே இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. திரும்பி வந்த ஹேமநாத்தின் கையில் அவளைக் கொடுத்துவிட்டு உன் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அன்றைக்கு நான் உன் பக்கம் நின்றேன். அவள் பக்கம் யாரும் நிற்கவில்லை. நீ அதற்காகக் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

எதைக் கேட்டாலும் சொல்கிறேன். கேட்காவிட்டால் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கௌசிகா


திருப்பதி
30 செப்டம்பர் 2023

அக்கா,

ரத்தம் எப்படி வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது தெரிந்துகொண்டதால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. நாம் இரண்டு பேரும் போய்த் தேர்ந்தெடுத்த குழந்தைத் துணிகளை நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார். "மறந்துடும்மா. வயசு கீது, அடுத்தது பொறக்கும்" என்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த அறையை விட்டு எழுந்து போக வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அதற்கு மேல். ரேணிகுண்டா கம்பெனி பஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே கிளம்பி முனையில் போய் நின்றுகொள்கிறார். குழந்தையைப் பற்றிக் கேட்டால், "இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். கல் மாதிரி ஆகிவிட்டார். இல்லை, எப்போதுமே கல்தானோ என்னவோ, எனக்குத்தான் தெரியாமல் இருந்ததோ.

நீ கேள் என்றாய். கேட்கிறேன். தலையில் முடி இருந்ததா? என்ன நிறம்? யாரைப் போல இருந்தாள்? கனவில் வரும்போது அவளுக்கு ஒரு சோப்பு விளம்பரக் குழந்தையின் முகம் வருகிறது. வெள்ளையாக, கன்னத்தில் நுரையோடு. விழித்ததும் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரோ ஒரு குழந்தையை என் குழந்தை என்று அழுதுகொண்டிருக்கிறேன்.

நீ பத்திரிகைத் தாளில் முகங்கள் செய்வாயே. அவள் முகத்தைச் செய்து அனுப்பு. அழகாகச் செய்யாதே. இருந்தபடி செய்.

அக்ஷயா


கட்டமஞ்சி, சித்தூர்
26 அக்டோபர் 2023

அச்சு,

தசரா லீவு முழுக்க இதே வேலையாக இருந்தேன்.

முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்தேன். எத்தனை போட்டாலும் பொம்மைதான் வந்தது. பிறகு பழைய பேப்பர் கடை வேதாச்சலம் அண்ணனிடம் போய் பத்திரிகைக் கட்டுகளை அள்ளி வந்தேன். அவற்றில் குழந்தைகளுக்குக் குறைவில்லை. எல்லாம் கொழுகொழுவென்று, சிவப்பாக, கண்ணைத் திறந்து சிரிக்கிறதுகள். ஒரு முகத்திலிருந்தும் எனக்கு ஒரு துண்டுகூட எடுக்க முடியவில்லை.

அவள் கறுப்பு, அச்சு. நைனாவின் கறுப்பு, அதில் லேசாக நீலம் ஏறினது போல. அதனால் முகங்களைத் தேடுவதை விட்டுவிட்டு நிறத்தைத் தேடினேன். நெற்றிக்குத் தேக்குக் கதவு விளம்பரம். கன்னத்துக்குக் கேழ்வரகுக் களி, ஒரு சமையல் பக்கத்தில் கிடைத்தது. கண்கள் மூடியிருந்தன. இமைக்கு, காபி விளம்பரத்தில் கோப்பைக்கு அடியில் விழுந்த நிழல். முடி நிறைய இருந்தது, ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு. கூந்தல் தைலப் படத்தை வைத்தேன், பளபளத்தது, பிடிக்கவில்லை. மழையில் நனைந்த தார் ரோட்டின் படம்தான் சரியாக வந்தது.

யாரைப் போல என்று கேட்டாய். இடது காதின் மேல் நுனி உள்ளே மடிந்திருந்தது. உன் காது. நைனா முடி வெட்டும்போது எப்போதும் நிமிண்டுவாரே, அதே காது.

எதையும் கத்தரிக்கோலால் வெட்டவில்லை. வெட்டினால் ஓரம் கூராக வருகிறது. அவளிடம் கூரானது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விரலால் கிழித்தே ஒட்டியிருக்கிறேன்.

வாய் மட்டும் இல்லை.

எனக்கு அது நினைவில்லை, அச்சு. உதடுகள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் அது வேறு குழந்தையாகிவிட்டது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. இருந்தபடி செய் என்று நீ கேட்டாய். அந்த இடத்தில் வெறும் அட்டை தெரியும். அதைப் பார்க்கும்போது உனக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

கௌசிகா


திருப்பதி
15 நவம்பர் 2023

அக்கா,

படம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

அழுகை வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். வரவில்லை. எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, அக்கா. எப்போதும் இடது பக்கமாகவே உதைத்துக்கொண்டிருந்தவள். பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தெரியவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தேன், என் காதையும் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உன்மேல் கோபம்கூட வரவில்லை. வெறுமனே இருந்தது.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சட்டை எடுக்க அவர் பீரோவைத் திறந்தார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், துண்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் படம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. படத்தில் படாமல் இருக்க அதைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறார்.

"வாயி எங்க?" என்று கேட்டார்.

"அக்காவுக்கு ஞாபகம் இல்லியாம்."

"எனக்கு கீது."

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கொஞ்சம் தொறந்துகினு இருந்துச்சு. மேல் உதடு நடுவுல தூக்கிக்கினு. ஆத்தங்கரையில குழிக்குள்ள வெக்கும்போது, மண்ணு வாய்க்குள்ள பூடுமேன்னு வெரலால மூடிப் பாத்தேன். மூடிக்கல. வுட்டா திரும்பித் தொறந்துக்குது. அப்பால துணிய முகத்து மேல இழுத்து வுட்டேன். உங்கிட்ட இத எப்டிச் சொல்றது, சொல்லு."

அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்று அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்து, இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் தமிழ், தெலுங்கு என்று தொங்கினதையெல்லாம் வாங்கி வந்தார். தெரு முழுக்கப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தரையில் பக்கங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் எடுத்துக் காட்டியதையெல்லாம் "இல்ல, இல்ல" என்று தள்ளினார். கடைசியில் பிளந்த நாவல்பழம் ஒன்றின் படம். அதிலிருந்து நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தார். மெஷினில் வேலை செய்து தடித்துப்போன விரல். எப்படி அவ்வளவு சின்னதாகக் கிழித்தாரோ. சற்றுக் கோணலாகத்தான் ஒட்டினார்.

ஒட்டியதும் எனக்கு அவளைத் தெரிந்தது, அக்கா. எப்படி என்று கேட்காதே. அவ்வளவு நாள் வராத அழுகை அப்போது வந்தது.

அக்ஷயா


கட்டமஞ்சி, சித்தூர்
25 நவம்பர் 2023

அச்சு,

உன் கடிதம் வந்த அன்று பள்ளிக்குப் போகவில்லை. வாய் திறந்திருந்தது என்று படித்ததும் எனக்கும் அது நினைவுக்கு வருகிற மாதிரி இருக்கிறது. உண்மையிலேயே நினைவா, நீ எழுதினதால் அப்படித் தோன்றுகிறதா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஹேமநாத்தின் நினைவே போதும். கோணலை நேராக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் துக்கத்தில் பங்கு கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பிறந்த குழந்தையை யாரும் அதற்கு முன் என் கையில் கொடுத்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகிற வயதும் தாண்டிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள், அது கிடக்கட்டும். உனக்குப் பிறப்பதை நான்தான் முதலில் தூக்க வேண்டும் என்று ஆசை வைத்திருந்தேன். நான்தான் முதலில் தூக்கினேன். அவள் சூடாக இருந்தாள், அச்சு. உன் உடம்பின் சூடு. நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கையில் ஆறிப்போனது. அந்த இடம் முழங்கைக்கு உட்பக்கம். இப்போதும் குளிக்கும்போது அங்கே தண்ணீர் பட்டால் நின்றுவிடுகிறேன்.

பள்ளியில் எல்லாரும் "தங்கச்சி தேறிட்டாங்களா" என்று விசாரிக்கிறார்கள். தேறிவிட்டாள் என்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவள் எனக்கு யார் என்று சொல்வது? பேர்கூட இல்லாத குழந்தை.

நைனாவுக்குப் படத்தைப் பற்றிச் சொன்னேன். "நம்ம கலருன்னா சொன்ன?" என்று ரெண்டு தரம் கேட்டார்.

கௌசிகா


திருப்பதி
11 டிசம்பர் 2023

அக்கா,

புயலில் உங்கள் பக்கம் சேதம் ஒன்றும் இல்லையே? இங்கே விடாமல் கொட்டியது. கரண்ட் இல்லை. அன்று மழை நிற்பதற்கு முன்பே அவர் என்னிடம் வந்து, "ஆத்துல தண்ணி வந்துட்சாம்" என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மழை விட்டதும் சொர்ணமுகி ஆற்றங்கரைக்குப் போனோம். நான் அதுவரை அங்கே போனதில்லை. எங்கே வைத்தார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் காட்டவும் இல்லை. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கரையை அரித்துக்கொண்டு போய்விட்டது. வேலிக்காத்தான் புதர் ஒன்றையும் அதன் பக்கத்தில் தான் வைத்த கல்லையும் அவர் அடையாளம் வைத்திருந்தாராம். புதரும் இல்லை, கல்லும் இல்லை. ஒரே மாதிரி ஈர மணல், எங்கே பார்த்தாலும். அவர் இங்கே நின்று பார்த்தார், அங்கே நின்று பார்த்தார். கால் புதையப் புதைய நடந்தார். "இங்கதான், அக்ஷயா, இங்கதான் இருந்துச்சு" என்று மூன்று நான்கு இடங்களைக் காட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாடு ஓட்டிக்கொண்டு போனவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே எங்க நின்னாலும் அவ கீறான்னு வெச்சிக்கலாம்" என்றார் அவர்.

அங்கேதான் பேர் வைத்தோம். தரணி. அவர் சொன்னது, எனக்கும் பிடித்தது. தண்ணீரைப் பார்த்து ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெற்றவள் தன் பிள்ளையைக் கூப்பிடும் குரல் அது. அதை அப்போதுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் படத்துக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அத்தை, "செத்த கொழந்த படத்த வூட்ல மாட்டக் கூடாதுடா" என்றார். "அது எம் பொண்ணு படம்மா" என்றார் இவர். அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இன்னமும் அப்படித்தான் உட்கார்கிறார். இருக்கட்டும்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். முழங்கை பற்றி எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "அவங்க கைலேர்ந்து வாங்கும்போது வுடவே இல்ல. நான்தான் பிரிச்சி எடுத்தேன்" என்றார். இதையும் நீ எனக்கு எழுதவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கூட்டிக்கொண்டு வா. புயலுக்கு முன்பே நாங்கள் வீடு மாற்றிவிட்டோம். பழைய தெருவுக்குப் பின்னால், பால் பூத்துக்கு எதிரே, மாடி. கீழ் வீட்டில் புதிதாக யார் வந்தாலும் நிறுத்தி வைத்து யார், என்ன என்று விசாரிப்பார்கள். தரணியின் பெரியம்மா என்று சொல்.

அச்சு